தடயவியல் உளவியல் படிக்க விரும்பும் மாணவிக்கு

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பி.எஸ்ஸி. உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். குற்றவாளியின் மனத்தைப் படித்துவிடும் துறை என்பதாலேயே தடயவியல் உளவியல் மீது பள்ளி நாள்களிலிருந்து ஆசை என்கிறார். ஒரு பயிற்சி மையம் ஆறு மாத இணையவழிச் சான்றிதழ் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறதாம். முடித்தால் 'சான்றளிக்கப்பட்ட தடயவியல் உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ளலாமாம். நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அப்பா பணத்தைப் புரட்டித் தரத் தயார். ஆனாலும் கொலைகாரர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு, பி.எட். முடித்துவிடு என்கிறாராம். அதில் சேரலாமா, முறையாகப் படிக்க எங்கே போவது, வெளிநாடு போகலாமா, படித்தால் வேலை உண்டா, 'உண்மை கண்டறியும் சோதனை' என்கிறார்களே அது என்ன என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள மாணவிக்கு,

பணம் கட்டும் கடைசி நாள் நெருங்குவதாக எழுதியிருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படிப்பில் சேர வேண்டாம். இந்தியாவில் 'தடயவியல் உளவியலாளர்' என்ற பெயரை வழங்கவோ பறிக்கவோ அதிகாரம் பெற்ற தனிப் பதிவேடு எதுவும் இல்லை. ஆகவே அந்த மையம் தருவது தன் பெயரில் அச்சடித்த ஒரு தாள். எந்த நீதிமன்றமும் அதை வைத்து உங்களை வல்லுநர் என்று ஏற்காது. பல்கலைக்கழக மானியக் குழுவும் உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்துக் கற்க வேண்டிய வேலையைத் திரை வழியே கற்பிக்க முடியாது என்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்துவரும் நானும் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, குற்றவாளியின் மனத்தைப் படிப்பது என்ற அந்த எண்ணம். அதைக் கேலி செய்ய மாட்டேன். நானும் ஏறக்குறைய அதை நம்பித்தான் இத்துறைக்குள் வந்தேன். நம் மொழியில் வழங்கும் பெயரும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது. 'தடயவியல்' என்றதும் கைரேகையும் ரத்தக் கறையும் நினைவுக்கு வருகின்றன. மனத்திலும் அப்படி ஒரு தடயம் கிடக்கும், தேடி எடுத்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. 'ஃபாரென்சிக்' என்ற ஆங்கிலப் பெயரின் வேர் பண்டைய ரோமில் வழக்குகள் பேசப்பட்ட பொது மன்றத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். 'நீதிசார் உளவியல்' என்று நாம் அழைத்திருந்தால் பொருள் நேராகப் புரிந்திருக்கும். சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு, அந்த அளவுக்கு மட்டும், உளவியல் தன் கருவிகளைக் கொண்டு பதில் தேடுகிறது. யார் கொன்றது என்பது பெரும்பாலும் நம்மிடம் வருகிற கேள்வி அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனைச் சந்தித்தேன். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு வயது நிறைந்த சிறுவர் மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம், சுமத்தப்பட்டால் இளைஞர் நீதிக் குழுமம் 15-ம் பிரிவின் கீழ் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவருக்கு இருந்ததா, அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே, அவரை வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லாதபோது உளவியலாளர்களின் உதவியைக் கட்டாயம் நாட வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி அழைக்கப்பட்டுத்தான் நான் அங்கே போயிருந்தேன்.

பினாயில் வாடை போகாத சின்ன அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சட்டையின் மேல் பொத்தான் இல்லாததால் கழுத்துப் பட்டையை ஒரு கையால் பிடித்தபடியே அவன் உட்கார்ந்திருந்தான். "ஆறாவது வரைக்கும் படிச்சியாப்பா?" என்றேன். "ஆமா மேடம்." சற்று நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, "பத்தாவது வரைக்கும் படிச்சிருக்க, இல்ல?" என்றேன். "ஆமா மேடம்." அதற்குப் பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. நூறு ரூபாய்த் தாளைக் கையில் கொடுத்து, பன்னிரண்டு ரூபாய் டீ இரண்டு வாங்கினால் மீதி எவ்வளவு வாங்கி வருவாய் என்றபோது, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினான். இங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவாய் என்றதற்கு, "அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகும்" என்றான். வழக்குக் கட்டில் அவன் தந்ததாக ஒரு வாக்குமூலம் இருந்தது. 'முன்விரோதம் காரணமாக' என்று தொடங்கி, திட்டமிட்டதை வரிசையாகச் சொல்லும் நீண்ட வாக்கியங்கள். முன்விரோதம் என்றால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஆமா மேடம்" என்றான்.

இதற்குப் பிறகு மூன்று அமர்வுகள் தேவைப்பட்டன. பினே-காமத் நுண்ணறிவுச் சோதனை, அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறனைப் பார்க்கும் சோதனை, அவன் படித்த பள்ளியின் பதிவேடு, அம்மாவிடம் நீண்ட பேச்சு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே, அவனுக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது என்றும், எதிரே இருப்பவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடும் இயல்பு மிகுதி என்றும் எழுதினேன். அவன் அதைச் செய்தானா இல்லையா என்று நான் எழுதவில்லை. அது என்னிடம் கேட்கப்படவும் இல்லை. முதற்கட்ட மதிப்பீடு விசாரணை ஆகாது என்று அந்தச் சட்டப் பிரிவே விளக்கம் தருகிறது. சம்பவ நாளில் அவன் மனநிலை எப்படி இருந்தது என்பதைப் பல வாரங்கள் கழித்து நடந்த சந்திப்பைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது என்பதையும் தனிப் பத்தியாக எழுதினேன். பதினோரு பக்க அறிக்கையில் நான் அதிக நேரம் செலவிட்டது அந்தப் பத்திக்குத்தான்.

இவ்வளவு கவனம் எனக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. பணிக்கு வந்த புதிதில் ஓர் அறிக்கையில் 'இவர் உண்மையை மறைக்கிறார்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். குறுக்கு விசாரணையில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர், எந்தச் சோதனையின் எந்த மதிப்பெண் இதைச் சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் மனத்தில் பட்டதை அறிவியலின் பெயரால் எழுதியிருந்தேன். அந்த மனிதர் அப்போது ஐந்து மாதமாகச் சிறையில் இருந்தார். இதை இன்றும் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அறிக்கை எழுதக் கற்றுத்தருகிறார்களா, எழுதியதை ஒருவர் வரி வரியாகத் திருத்தித்தருகிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். இத்துறையின் உண்மையான கைத்தொழில் அதுதான்.

நீதிமன்றம் கேட்கும் கேள்விகளில் இன்னும் சில வகைகள் உண்டு. குற்றம் நடந்த வேளையில் அதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத அளவுக்கு மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததா என்பது ஒன்று. இதைச் சொல்லும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ம் பிரிவாக இருக்கிறது. இதன் வேர் 1843-ல் லண்டனில் நடந்த மெக்நாட்டன் வழக்கு. இப்போது தன் வழக்கைப் புரிந்துகொண்டு தற்காத்துக்கொள்ளும் நிலையில் எதிரி இருக்கிறாரா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதிக் கிணறு தாண்டியவர். இவ்விரண்டிலும் மனநல மருத்துவரின் பங்கு பெரிது. உளவியலாளர் அவரோடு சேர்ந்து இயங்குகிறார். மரண தண்டனை கேட்கப்படும் வழக்குகளில், தண்டனையைக் குறைக்க இடமுண்டா என்று முடிவு செய்ய எதிரியைப் பற்றிய உளவியல் மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அறிக்கையை எழுதத் தகுந்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. உங்களைப் போன்றவர்கள் முறையாகப் படித்து வர வேண்டும் என்று நான் மனதார விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

நீங்கள் கேட்டிருந்த 'உண்மை கண்டறியும் சோதனை' பற்றியும் சொல்ல வேண்டும். பொய் கண்டறியும் கருவி, மருந்து செலுத்திக் கேள்வி கேட்கும் நார்கோ அனாலிசிஸ், மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவருடைய சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவே அதற்கு அடிப்படை. சம்மதத்தோடு நடத்தினாலும் அப்போது சொன்ன பதில்கள் சாட்சியம் ஆவதில்லை. அதன் வழியாகப் பிற்பாடு கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோதான் ஏற்கப்படலாம். சில தடய அறிவியல் ஆய்வகங்களின் உளவியல் பிரிவுகளில் இச்சோதனைகள் இன்றும் நடக்கின்றன. அங்கே வேலைக்குப் போனால் இவற்றைக் கையாள நேரும். வியர்வையும் நாடித்துடிப்பும் பயத்தாலும் மாறும், பொய்யாலும் மாறும் என்பதை மறக்காதவராக நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

எனக்கு மிக நெருக்கமான பகுதி நினைவைப் பற்றியது. 1974-ல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்ற சொல்லோடு கேட்டவர்களுக்குச் சராசரி விடை மணிக்கு 40.5 மைல், 'தொட்டபோது' என்று கேட்டவர்களுக்கு 31.8 மைல். பார்த்த படம் ஒன்று, மாறியது வினைச்சொல் மட்டும். இதைப் போக்சோ வழக்கில் ஒரு ஏழு வயதுக் குழந்தையிடம் பேசப் போகும்போது நினைத்துப் பாருங்கள். "அந்த மாமா உன்னத் தொட்டாரா?" என்று கேட்பதற்கும் "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்பதற்கும் இடையே ஒரு வழக்கே நிற்கலாம், விழலாம். குழந்தை உண்மையைச் சொல்லியும், கேட்டவர் கேட்ட விதத்தால் அது நம்பப்படாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட வேதனையானது இந்த வேலையில் எனக்கு வேறில்லை.

இனி படிப்பு. முதுகலையிலேயே 'தடயவியல்' என்ற சொல் பட்டத்தில் இருந்தாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து. காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் தடயவியல் உளவியலில் இரண்டாண்டு முதுகலை நடத்துகிறது. 2009-ல் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாகச் செயல்படத் தொடங்கி, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய நிலை பெற்ற நிறுவனம் அது. நுழைவுத் தேர்வு உண்டு. ஆய்வகப் பணியே உங்கள் விருப்பம் என்றால் அங்கே போவது சரி. கூர்நோக்கு இல்லம், சிறை, நீதிமன்றம், மருத்துவமனை என்று மனிதர்களோடு நேராக இயங்க விரும்பினால், மருத்துவ உளவியல் வழியே வருவதைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது: எதிரியின் மனநிலை ஐயத்துக்குரியது எனும்போது மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்பச் சொல்கிறது குற்ற நடைமுறைச் சட்டம். மருத்துவ உளவியலாளர் என்பதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு உண்டு. உங்கள் கல்வியை எதிர்த் தரப்பு கேள்வி கேட்கும்போது உங்களுக்குத் துணை நிற்பது அந்தப் பதிவு எண்தான்.

இதற்கான எம்.ஃபில். படிப்பைப் பொறுத்தவரை விதிகள் மாறும் காலம் இது. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திய மானியக் குழு, பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. நீங்கள் முதுகலை முடிக்கும்போது அந்தப் படிப்பு வேறு பெயரில் இருக்கலாம். பெயரைப் பார்க்காதீர்கள், முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் இடம் கிடைக்குமா என்பதை அந்த மறுவாழ்வுக் குழுவின் இணையதளத்தில் உள்ள ஏற்பளிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள், கல்லூரி அலுவலகம் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி விடாதீர்கள். குற்றவியல் பக்கம் அறிய ஆர்வம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. திருநெல்வேலி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. உளவியல் முதுகலைக்கு அது மாற்று ஆகாது, நல்ல துணை ஆகும்.

வெளிநாடு பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 'தடயவியல் உளவியலாளர்' என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். அங்கீகரிக்கப்பட்ட முதுகலைக்குப் பிறகும் மேற்பார்வையோடு கூடிய பல ஆண்டுப் பயிற்சி முடித்தால்தான் அந்தப் பெயரில் பணிபுரிய முடியும். ஓராண்டு எம்.எஸ்ஸி. முடித்துத் திரும்பும் மாணவர்கள் பலர் இதைக் கடன் வாங்கிய பிறகே அறிகிறார்கள்.

வேலை குறித்து அப்பாவின் கவலை நியாயமானது. அதை மூடி மறைத்து உங்களை இழுக்க எனக்கு மனமில்லை. புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதைக் காட்டி 'இனி ஆயிரக்கணக்கில் வேலை' என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வேலைகள் பெரும்பாலும் வேதியியலும் உயிரியலும் படித்தவர்களுக்கு உரியவை. உளவியலாளருக்கு ஆய்வகங்கள், சிறைத் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகள், அரசு மனநல மருத்துவமனைகள் ஆகியவற்றில் இடங்கள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, பல ஒப்பந்த அடிப்படையிலானவை. நான் அறிந்தவர்களில் பலர் மருத்துவமனையிலோ கல்லூரியிலோ நிலையான வேலையில் இருந்துகொண்டு, குழுமமோ நீதிமன்றமோ அழைக்கும்போது இந்தப் பணியைச் செய்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்ற தகுதி இருந்தால் நீதிமன்றம் அழைக்காத மாதங்களிலும் வீட்டில் அடுப்பு எரியும். இதை இதே சொற்களில் அப்பாவிடம் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் அவருக்குச் சொல்லலாம். சிறையில் ஒருவரைச் சந்திக்கும்போது காவலர் பார்வைக்கு எட்டும் தூரத்தில், பேச்சுக் காதில் விழாத தொலைவில் இருப்பார். நாம் கதவை ஒட்டிய நாற்காலியில் அமர்வோம். இத்தனை ஆண்டுகளில் என் மீது யாரும் கை ஓங்கியதில்லை. என்னைத் துன்புறுத்தியவை இரவில் திரும்பத் திரும்ப வரும் கதைகள்தான். அதற்கு மூத்தவர் ஒருவரிடம் வாரந்தோறும் பேசும் வழக்கம் வேண்டும். அதையும் படிப்பின் பகுதியாக வைத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். இன்னொன்றும் உண்டு. ஆலோசகர் அறையில் சொல்வதெல்லாம் ரகசியம் என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். இங்கே முதல் வாக்கியமே வேறு: "நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை, நீங்கள் சொல்வது அறிக்கையாக நீதிமன்றத்துக்குப் போகலாம், சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டியதில்லை." அதைக் கேட்ட பிறகும் எதிரே இருப்பவர் பேசத் தொடங்குகிறாரே, அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருப்பதுதான் கடினம்.

இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் கிடைக்கும் விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் சாதாரண வழக்குகளின் விசாரணையை யார் வேண்டுமானாலும் பின் வரிசையில் அமர்ந்து கேட்கலாம். போக்சோ விசாரணை மூடிய அறையில் நடக்கும், அங்கே அனுமதி இல்லை. ஒரு பத்து நாள் போய் வாருங்கள். மருத்துவரோ வேறு வல்லுநரோ கூண்டில் ஏறும் நாளில் கூர்ந்து கேளுங்கள்: 'எனக்குத் தெரியாது' என்று அவர் எத்தனை முறை சொல்கிறார், அதைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால், முதுகலை விண்ணப்பத்தை அனுப்பும் முன் எனக்கு மீண்டும் எழுதுங்கள். எந்தெந்தக் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறீர்கள் என்ற பட்டியலோடு எழுதினால், ஒவ்வொன்றையும் சேர்ந்தே பார்ப்போம்.